பிரெண்ட்லின் வழக்கு: பக்கத்து சீட்டில் இருந்தவரும் பிடிபட்டவர்தானா?

2001 நவம்பர் 27, அதிகாலை. வட கலிபோர்னியாவில் ரோந்து போய்க்கொண்டிருந்த இரண்டு ஷெரிஃப் துறை அதிகாரிகள் நின்றுகொண்டிருந்த ஒரு ப்யூக் காரைக் கவனித்தார்கள். அதன் பதிவு ஸ்டிக்கர் காலாவதியாகியிருந்தது. வயர்லெஸ்ஸில் விசாரித்தார்கள். பதிவைப் புதுப்பிக்க விண்ணப்பம் வந்திருக்கிறது, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. சரி, விஷயம் அதோடு முடிந்திருக்கலாம்.

பிறகு அதே கார் சாலையில் ஓடுவதைப் பார்த்தார்கள். இந்த முறை, அதில் ஒட்டியிருந்த தற்காலிக அனுமதிச் சீட்டும் அதன்மேல் இருந்த '11' என்ற எண்ணும் கண்ணில் பட்டன. பதினோராம் மாதம் முடியும்வரை ஓட்டலாம் என்பது அந்த எண்ணின் பொருள். அன்றைய தேதியோ நவம்பர் 27. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சீட்டு அந்தக் காருக்குத்தான் கொடுக்கப்பட்டதா என்று பார்த்துவிடலாம் என வண்டியை ஓரங்கட்ட வைத்தார்கள். சீட்டிலோ அதை ஒட்டியிருந்த விதத்திலோ வித்தியாசமாக ஒன்றும் இல்லை என்று அந்த அதிகாரியே பின்னால் ஒப்புக்கொண்டார்.

காரை ஓட்டியவர் ஒரு பெண். பக்கத்து சீட்டில் இருந்தவர் ப்ரூஸ் பிரெண்ட்லின். அதிகாரிக்கு அந்த முகம் எங்கோ பார்த்ததாக இருந்தது. பிரெண்ட்லின் சகோதரர்கள் இருவரில் யாரோ ஒருவர் பரோல் கண்காணிப்பிலிருந்து நழுவிவிட்டார் என்பது ஞாபகம் வந்தது. பெயரைக் கேட்டுவிட்டு ரோந்து வண்டிக்குத் திரும்பினார். சரிபார்த்ததில் ஜாமீன் இல்லாத பிடிவாரண்ட் ஒன்று நிலுவையில் இருப்பது தெரிந்தது. கூடுதல் ஆட்களை வரச் சொன்னார். அந்த இடைவெளியில், பிரெண்ட்லின் தன் பக்கத்துக் கதவை லேசாகத் திறந்து உடனே மூடிக்கொண்டதை அவர் பார்த்தார். இறங்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டாரோ என்னவோ. ஆனால் இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கதவுதான்.

ஆட்கள் வந்ததும் துப்பாக்கி முனையில் அவரை இறக்கிக் கைது செய்தார்கள். உடம்பைச் சோதித்தபோது ஊசியின் ஆரஞ்சு நிற மூடி ஒன்று கிடைத்தது. ஓட்டி வந்த பெண்ணிடம் ஊசிகளும் ஒரு பையில் பச்சை இலைப்பொருளும் கிடைத்தன. காருக்குள் குழாய்கள், தராசு, இன்னும் மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளைக் காய்ச்சுவதற்கான சாமான்கள் இருந்தன.

வழக்கு என்று வந்தபோது பிரெண்ட்லின் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: வண்டியை நிறுத்தியதே சட்டத்துக்கு முரணானது, அதனால் அதற்குப் பிறகு கிடைத்த எதையும் எனக்கு எதிராகக் காட்டக்கூடாது.

நிறுத்தியதில் என்ன தவறு?

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. மக்களின் உடல், வீடு, தாள்கள், உடைமைகள் ஆகியவற்றை நியாயமற்ற சோதனையிலிருந்தும் பிடித்தலிலிருந்தும் அது காக்கிறது. இங்கே 'பிடித்தல்' என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சட்டத் தமிழில் ஆளைத் தடுத்து நிறுத்துவதற்கு ஒரு சொல், பொருளைப் பறிமுதல் செய்வதற்கு வேறொரு சொல். அந்தத் திருத்தத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'போலீஸ் பிடித்துவிட்டது' என்று நாம் சொல்லும்போது அது ஆளாகவும் இருக்கலாம், சரக்காகவும் இருக்கலாம் அல்லவா, ஏறக்குறைய அதுபோல. இந்த வழக்கு முழுக்க அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் ஓடுகிறது.

போலீஸ் ஒரு காரை நிறுத்த வேண்டுமென்றால் நியாயமான சந்தேகமாவது இருக்க வேண்டும். டெலவேர் எதிர் ப்ரௌஸ் வழக்கில் (1979) அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதில் காரை நிறுத்திய காவலர் சொன்ன காரணம் வேடிக்கையானது: கார் அந்தப் பக்கம் போனது, தனக்கு வேறு அழைப்பு எதுவும் இல்லை, நிறுத்தினேன், அவ்வளவுதான். சும்மா லைசென்ஸையும் பதிவையும் பார்ப்பதற்காக மனம்போன போக்கில் ஒரு வண்டியைத் தனியாக நிறுத்தக்கூடாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பிரெண்ட்லின் வழக்கிலும் நிறுத்தியதற்குப் போதிய சந்தேகம் இல்லை என்பதைக் கலிபோர்னியா அரசே ஒப்புக்கொண்டது. அந்த விஷயத்தில் சண்டையே இல்லை.

சண்டை வேறு இடத்தில். நிறுத்தப்பட்டது யார்?

ஓட்டியவர் நிறுத்தப்பட்டார், சரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் 'பிடிக்கப்பட்டவர்' தானா? இல்லையென்றால், நிறுத்தியது தவறா சரியா என்று கேட்கவே அவருக்கு உரிமை கிடையாது. தன் உரிமை மீறப்பட்டால்தான் ஒருவர் நான்காவது திருத்தத்தைக் கையில் எடுக்கலாம். பக்கத்து ஆளின் உரிமை மீறப்பட்டதைச் சொல்லித் தன் மேல் உள்ள ஆதாரத்தை விலக்கச் சொல்ல முடியாது.

விசாரணை நீதிமன்றம் பிரெண்ட்லினின் மனுவைத் தள்ளியது. அவரை இறங்கச் சொல்லும்வரை அவர் பிடிக்கப்படவே இல்லை என்பது அதன் பார்வை. மேல்முறையீட்டில் இந்தக் கேள்வியை எழுப்பும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டு சிறை. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மயிரிழைப் பெரும்பான்மையில் அதை மாற்றியது. போலீஸ் குறிவைத்தது ஓட்டுநரை மட்டும்தான், வண்டி ஓட்டுநரின் கையில் இருந்தது, எனவே பயணி அதிகாரத்துக்குப் பணிந்தார் என்று சொல்ல இடமில்லை, நின்ற பிறகு அவர் கிளம்பிப் போயிருக்கலாம் என்றது.

கிளம்பிப் போயிருக்கலாமாம்! அதிகாலை இருட்டில், பின்னால் போலீஸ் வண்டி நிற்கும்போது, கதவைத் திறந்து இறங்கி நடக்கும் பயணி யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? நான் ஓட்டுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து போவதே அதிகம். அந்த மாதிரி நேரத்தில் தண்ணீர் பாட்டிலை எடுக்கக்கூட எனக்குக் கை வராது.

உச்ச நீதிமன்றம் சொன்னது

2007 ஜூன் 18. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக: பயணியும் பிடிக்கப்பட்டவர்தான். தீர்ப்பை எழுதியவர் டேவிட் சௌட்டர்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. அந்தச் சீட்டில் இருக்கும் சராசரி மனிதர், போலீஸைப் பொருட்படுத்தாமல் தன் வழியே போகலாம் என்று நினைப்பாரா? நினைக்க மாட்டார். வண்டி நின்றால் ஓட்டுநரின் பயணம் மட்டுமா நிற்கிறது, பயணியின் பயணமும் அதே நொடியில் நிற்கிறது. தவிர, தப்பு செய்தது ஓட்டுநராகவே இருந்தாலும், கூட இருந்தவர்கள் மேலும் ஒரு கண் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். தன் பாதுகாப்பை நினைக்கும் அதிகாரி ஆட்களை இஷ்டத்துக்கு அங்குமிங்கும் நடமாட விடமாட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

போலீஸ் குறிவைத்தது ஓட்டுநரை மட்டும்தான் என்ற வாதத்தை அவர் சுருக்கமாக முடித்துவிட்டார். அதிகாரியின் மனதுக்குள் என்ன இருந்தது என்பது கணக்கில்லை. வெளியே தெரிந்ததுதான் கணக்கு. இதற்கு அவர் துணைக்கு எடுத்தது ரென் வழக்கை (1996). வேறு நோக்கம் மனதில் இருந்தாலும், கண்முன் ஒரு போக்குவரத்து மீறல் இருந்தால் நிறுத்தியது செல்லும் என்று போலீஸுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு அது. போலீஸின் மனதைப் பார்க்கமாட்டோம் என்ற அதே விதி இங்கே போலீஸுக்கு எதிராகத் திரும்பியது. இன்னொரு விஷயம், அந்த வழக்கின் பெயருக்குரிய ரென்னும் ஓட்டுநர் அல்ல. கையில் கிராக் கொக்கைன் பைகளோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர். அன்று அவர் பயணி என்பதை யாரும் ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம், 'பணிதல்' பற்றிய பகுதி. ஒருவர் பிடிபட்டார் என்றால் அவர் அதிகாரத்துக்குப் பணிந்திருக்க வேண்டும் அல்லது உடல்பலத்தால் அடக்கப்பட்டிருக்க வேண்டும் என்று முந்தைய வழக்குகள் சொல்லியிருந்தன. சரி, பயணி எப்படிப் பணிவார்? பிரேக் அவர் காலில் இல்லையே. சௌட்டரின் பதில்: பணிவு எப்படித் தெரியும் என்பது அந்த ஆள் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பொறுத்தது. ஓடுகிறவன் மடக்கிப் பிடிக்கப்படும்வரை பிடிபடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனோ, எழுந்து ஓடாமல் இருப்பதாலேயே பணிந்துவிடுகிறான். பிரெண்ட்லினும் அதைத்தான் செய்தார். கார் நகரும்போது அவரால் எதுவும் செய்ய முடியாது. நின்ற பிறகு உள்ளேயே இருந்தார். திறந்த கதவையும் மூடிக்கொண்டார்.

இந்த முடிவு பெரிய திருப்பமும் இல்லை. இந்தக் கேள்வியைத் தொட்ட கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எல்லாம் ஏற்கெனவே இப்படித்தான் சொல்லியிருந்தன. கலிபோர்னியாவோடு சேர்ந்து மாற்றிச் சொன்ன மாநிலங்கள் சொற்பம். ஆனால் சௌட்டர் காட்டிய ஆபத்து நிஜமானது: பயணிக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லையென்றால், ஆள் ஏறிய காரை எந்தக் காரணமும் இல்லாமல் நிறுத்திப் பார்க்கப் போலீஸுக்குத் தூண்டுதல் கிடைக்கும். ஓட்டுநர் விஷயத்தில் வழக்கு தோற்றாலும், பயணியிடம் கிடைத்தது நிற்குமே.

டாக்சி, பஸ் பயணிகளின் கதை என்ன? அவர்களுக்கும் ஓட்டுநருக்கும் உள்ள உறவு வேறு மாதிரி என்று ஓர் அடிக்குறிப்போடு அவர் நகர்ந்துவிட்டார். தனியார் காரைப் பற்றித்தான் தீர்ப்பு.

எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். பயணிக்கு உரிமை உண்டு என்று கேள்விப்பட்டதும், காரைச் சோதித்ததையும் எதிர்க்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. நிறுத்தியது ஒன்று, காரைத் துழாவியது இன்னொன்று.

ராகஸ் எதிர் இல்லினாய் (1978) இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் காரின் முன் பயணி சீட்டுக்கு அடியில் குழல் அறுத்த துப்பாக்கி, பூட்டியிருந்த கிளவ் பாக்ஸில் தோட்டாக்கள். பயணிகள் அவற்றைத் தங்களுடையவை என்று சொல்லவில்லை. காரும் அவர்களுடையது இல்லை. அடுத்தவர் காரின் சீட்டடிக்கும் கிளவ் பாக்ஸுக்கும் உங்களுக்கு அந்தரங்க உரிமை என்று எதுவும் இல்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறை இப்படி வருகிறது. பின்விளக்கு எரியவில்லை என்று முறையாக ஒரு காரை நிறுத்துகிறார்கள். அப்புறம் எந்தக் காரணமும் இல்லாமல் டிக்கியைத் திறக்கிறார்கள். சொந்தக்காரர் அதை எதிர்க்கலாம். உள்ளே தன் பை எதுவும் இல்லாத பயணியால் முடியாது. அதே காரைக் காரணமே இல்லாமல் நிறுத்தியிருந்தால் கதை வேறு. தன்னையே முறைகேடாகப் பிடித்தார்கள், டிக்கியில் கிடைத்தது அந்தப் பிடியால் விளைந்தது என்று பயணியும் வாதாடலாம். நச்சு மரத்தில் காய்த்ததும் நஞ்சுதான் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லும் கொள்கை இது. பிரெண்ட்லின் தீர்ப்பு திறந்துவிட்டது இந்த இரண்டாவது வழியை மட்டும்தான்.

உடம்பு, பை இரண்டிலும் விதி வேறுபடுகிறது. 1948இல் வந்த டி ரே வழக்கு, இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பெட்ரோல் ரேஷன் கூப்பன் மோசடி பற்றியது. கள்ளக் கூப்பன் கைமாறியதாகச் சந்தேகித்த காரில் முன் சீட்டில் இருந்தார் டி ரே. காவல் நிலையத்தில் அவரைச் சோதித்தபோது சட்டைக்கும் உள்ளாடைக்கும் நடுவே ஒரு கவர், அதில் 100 கூப்பன்கள். இருந்தும் ஆதாரம் விலக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய காரில் இருந்தார் என்பதால் மட்டும் ஒருவரின் உடம்பைச் சோதிக்கும் உரிமை வந்துவிடாது.

பைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வயோமிங் எதிர் ஹௌட்டன் (1999) வழக்கில் ஓட்டுநரின் சட்டைப்பையில் ஊசி எட்டிப்பார்த்தது. எதற்கு என்று கேட்டால், போதைப்பொருள் ஏற்றிக்கொள்ள என்று அவரே சொல்லிவிட்டார். காரைச் சோதிக்க அது போதும். பின் சீட்டில் கிடந்த கைப்பை ஒரு பெண் பயணியுடையது. அதையும் திறந்தார்கள், உள்ளே போதைப்பொருள். போதைப்பொருள் இருக்கும் என்று நம்பக் காரணமுள்ள காரில், அது இருக்கக்கூடிய எந்தப் பையையும் திறக்கலாம், பை யாருடையது என்பது பொருட்டில்லை என்றது 6 பேர் கொண்ட பெரும்பான்மை. அந்த ஆறு பேரில் ஒருவரான பிரேயர் தனியாக ஒரு வரி எழுதினார்: அந்தப் பை அவர் உடம்போடு மாட்டியிருந்தால் விஷயம் வேறாக இருக்கலாம் என்று. சீட்டில் கிடக்கும் பைக்கும் தோளில் தொங்கும் பைக்கும் இடையே இவ்வளவு தூரம்!

மற்றபடி, காரணம் எதுவும் காட்டாமலே பயணியை இறங்கச் சொல்லலாம் (மேரிலாந்து எதிர் வில்சன், 1997). ஆயுதம் வைத்திருக்கிறார், ஆபத்தானவர் என்று நியாயமாகச் சந்தேகித்தால் மேலோட்டமாகத் தடவிப் பார்க்கலாம் (அரிசோனா எதிர் ஜான்சன், 2009). நிறுத்திய வேலை முடிந்த பிறகு மோப்ப நாய்க்காக ஏழெட்டு நிமிடம் நிறுத்தி வைப்பது கூடாது (ரோட்ரிகஸ், 2015). பயணியும் பிடிக்கப்பட்டவர் என்று ஆகிவிட்டதால், இந்தக் கடைசிக் குறையை அவரும் எழுப்பலாம். பெயர் சொல்ல வேண்டுமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் 2019இல் லாண்டெரோஸ் வழக்கில், பயணி மேல் தனியாகச் சந்தேகம் இல்லாதபோது பெயரைச் சொல்லவைப்பதற்காக நிறுத்தத்தை நீட்டிக்கக்கூடாது என்றது. கலிபோர்னியா அந்த சர்க்யூட்டில்தான் வருகிறது. பிரெண்ட்லினுக்கு அது பதினெட்டு வருடம் தாமதம். அவர் விஷயத்தில் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது என்பது வேறு.

வென்றவர் தோற்ற கதை

உச்ச நீதிமன்றம் வழக்கைக் கலிபோர்னியாவுக்குத் திருப்பி அனுப்பியது. பிரெண்ட்லின் பிடிபட்டவர்தான், நிறுத்தியது தவறுதான், இனி ஆதாரத்தை விலக்க வேண்டியதுதானே என்று தோன்றும். 2008இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் விலக்க மறுத்தது.

காரணம், அந்த வாரண்ட். முறைகேட்டுக்கும் ஆதாரத்துக்கும் இடையே உள்ள தொடர்பு நைந்துபோய்விட்டதா என்று பார்க்க மூன்று அளவுகோல்களை பிரவுன் எதிர் இல்லினாய் (1975) தந்திருந்தது: இடையில் எவ்வளவு நேரம் ஓடியது, நடுவில் புதிதாக ஏதாவது குறுக்கிட்டதா, போலீஸ் வேண்டுமென்றே வரம்பு மீறியதா. நேரம் சில நிமிடங்கள்தான், அது பிரெண்ட்லினுக்குச் சாதகம். ஆனால் நிறுத்துவதற்கு முன்பே இருந்த வாரண்ட் நடுவில் குறுக்கிட்டது. அவரைக் கைது செய்ய அது ஒன்றே போதும். நிறுத்தியது தவறு என்றாலும் அப்பட்டமான அத்துமீறல் இல்லை என்று நீதிமன்றம் கண்டது. ஆதாரம் நின்றது.

இந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. நிறுத்தியிருக்காவிட்டால் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், முகத்தைப் பார்க்காமல் வாரண்டைத் தேடியிருக்க மாட்டார்கள். சங்கிலியில் எந்தக் கண்ணி நைந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது. 2016இல் யூட்டா எதிர் ஸ்ட்ரீஃப் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமே 5-க்கு 3 என்று அதே வழியில் போனது. அங்கே நடந்துபோன ஒருவரைப் போதிய சந்தேகம் இல்லாமல் நிறுத்தி, அடையாள அட்டை வாங்கிப் பார்த்ததில் வாரண்ட் கிடைத்தது, கைது செய்து சோதித்ததில் மெத்தாம்ஃபெட்டமைன் கிடைத்தது. செல்லும் என்றார்கள்.

மறுப்புத் தீர்ப்பு எழுதிய சோனியா சோட்டோமயோர், அரசுகளின் தரவுத்தளங்களில் 78 லட்சத்துக்கும் மேற்பட்ட வாரண்டுகள் நிலுவையில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அவற்றில் பெரும்பாலானவை சில்லறைக் குற்றங்களுக்கானவை என்றும் சொன்னார். பிரெண்ட்லின் பேரில் இருந்தது பரோல் மீறலுக்கான, ஜாமீன் இல்லாத வாரண்ட். ஸ்ட்ரீஃப் பேரில் இருந்தது ஒரு சின்னப் போக்குவரத்துக் குற்றத்துக்கானது. எப்போதோ கட்ட மறந்த அபராதம் வாரண்டாக முற்றியிருந்தால், பக்கத்து சீட்டில் இருப்பவர் பிரெண்ட்லின் தீர்ப்பை நீட்டும்போது அரசுத் தரப்பு அந்த வாரண்டை நீட்டும்.